அபிசீனியாவில் பிறந்த பிள்ளைகள்

 



ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நம் ஊர்ப் பள்ளிவாசல்களில் ஒரு காட்சியைக் காண்கிறோம். லண்டனிலிருந்தோ, பாரிஸிலிருந்தோ, டொராண்டோவிலிருந்தோ விடுமுறைக்கு வந்த பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு பெரியவர் ஒருவர் ஜும்ஆவுக்கு வருகிறார். தொழுகை முடிந்ததும் நாலு பேர் சூழ்ந்துகொண்டு அந்தச் சிறுவனிடம் பேச்சுக் கொடுக்கிறார்கள். அவன் தட்டுத் தடுமாறித் தமிழில் பதில் சொல்கிறான். சுற்றி நிற்பவர்கள் சிரிக்கிறார்கள். "லண்டன் துரைக்குத் தமிழ் வரவில்லையே!" என்கிறார் ஒருவர். "சூரா ஏதாவது தெரியுமா, அதுவும் இல்லையா?" என்கிறார் மற்றொருவர். சிறுவனின் முகம் வாடுகிறது. மறு வெள்ளிக்கிழமை அவனுக்கு "வயிற்று வலி" வந்துவிடுகிறது.

அந்தப் பிள்ளை அங்கே பள்ளிக்கூடத்தில் தன் பெயரையும், உணவையும், நோன்பையும் ஒவ்வொரு நாளும் விளக்கிச் சொல்ல வேண்டியவனாக இருக்கிறான். இங்கே வந்தால் தன் மொழியையும் நடையையும் உடையையும் விளக்க வேண்டியவனாகிறான். அங்கும் அந்நியன், இங்கும் அந்நியன். இவ்விரண்டுக்கும் நடுவே அவனது ஈமான் எங்கே வேர்விடும்? இன்று கடல் கடந்து பிள்ளைகளை வளர்க்கும் ஒவ்வொரு தாய் தந்தையின் தூக்கத்தையும் கெடுக்கும் கேள்வி இதுவே. இக்கேள்வி புதியதன்று. வரலாறு இதற்குப் பலமுறை விடை சொல்லியிருக்கிறது. சில விடைகள் மகிழ்ச்சி தருபவை; சில கண்ணீர் வரவழைப்பவை.

மலை சொல்லும் செய்தி

கள்ளக்குறிச்சியிலிருந்து மேற்கே பார்த்தால் கல்வராயன் மலைத்தொடர் தெரியும். அங்கே பிறக்கும் கோமுகி ஆறு நம் வயல்களை நனைக்கிறது. வெள்ளிமலையிலும் அதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் பழங்குடி மக்களை 'மலையாளிகள்' என்கிறோம். இவர்கள் கேரளத்தவர் அல்லர். மலையில் வாழ்பவர் என்பதே அச்சொல்லின் பொருள். அவர்கள் பேசும் மொழி தமிழ்.

கல்வராயன், சேர்வராயன், பச்சைமலை, கொல்லிமலை ஆகியவற்றில் வாழும் இம்மக்களிடையே ஒரு வாய்மொழி மரபு வழங்கி வருகிறது. தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து புறப்பட்டு மலையேறியவர்கள் என்பதும், உடன்பிறந்தோர் மூவர் ஆளுக்கொரு மலையாகப் பிரிந்து குடியேறினர் என்பதும் அம்மரபின் சாரம். அது எந்த அளவுக்கு வரலாற்று உண்மை என்பதை ஆய்வாளர்கள் தீர்மானிக்கட்டும். நாம் கவனிக்க வேண்டியது வேறொன்று. ஏடும் எழுத்தும் இல்லாத நிலையிலும், 'நாம் எங்கிருந்து வந்தோம்' என்ற செய்தியை ஒரு சமுதாயம் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றி வந்திருக்கிறது. எப்படி? வீட்டில் பெரியவர்கள் சொன்னார்கள், பிள்ளைகள் கேட்டார்கள். அவ்வளவுதான்!

குடிபெயர்ந்த குடும்பத்தின் முதல் பாதுகாப்பு இதுதான். சொல்பவர் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டும். கேட்பதற்குப் பிள்ளைக்கு நேரமும் மனமும் இருக்க வேண்டும். இதை மனத்தில் இருத்திக்கொண்டு, இஸ்லாமிய வரலாற்றின் முதல் புலம்பெயர்ந்த குடும்பங்களைப் பார்ப்போம்.

இரண்டு ஹிஜ்ரத் செய்தவர்கள்

நபித்துவத்தின் ஐந்தாம் ஆண்டு, அதாவது கி.பி. 615 அளவில், மக்கத்துக் குறைஷியரின் கொடுமை தாங்காமல் முஸ்லிம்களில் ஒரு சிறு குழுவினர் கடல் கடந்து அபிசீனியாவுக்குச் சென்றனர். அடுத்துச் சென்ற குழுவில் எண்பதுக்கும் மேற்பட்ட ஆண்கள் இருந்தனர்; பெண்களும் பிள்ளைகளும் உடன் சென்றனர். அது ஒரு கிறித்தவ நாடு. மன்னர் நஜ்ஜாஷி கிறித்தவர்; மக்களின் மொழியும் உணவும் வழிபாடும் வேறு. இன்றைய சொல்லில் சொன்னால், வேறொரு பெரும்பான்மைப் பண்பாட்டின் நடுவே வாழ்ந்த முதல் முஸ்லிம் சிறுபான்மை அவர்களே.

அரசவையில் ஜஃபர் இப்னு அபீதாலிப் (ரலி) அவர்கள் பேசிய பேச்சு நமக்குத் தெரியும். தம் கொள்கையை அவர்கள் மறைக்கவில்லை. மன்னரின் மார்க்கத்தை இழிவுபடுத்தவுமில்லை. மர்யம் அத்தியாயத்தின் வசனங்களை ஓதிக் காட்டினார்கள். ஈஸா (அலை) அவர்களைப் பற்றிக் கேட்கப்பட்டபோது, புகலிடம் பறிபோகும் அபாயம் இருந்தும், உள்ளதை உள்ளபடி கூறினார்கள். மன்னரின் கண்கள் கலங்கின. அகதிகளுக்கு அபயம் நீடித்தது.

ஆனால் அந்த அகதிகளின் பிள்ளைகளைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. ஜஃபர் (ரலி), அஸ்மா பின்த் உமைஸ் (ரலி) தம்பதியரின் மகன் அப்துல்லாஹ் (ரலி) அவர்கள் பிறந்தது அபிசீனியாவில். காலித் இப்னு ஸயீத் (ரலி) அவர்களின் மகள், உம்மு காலித் (ரலி) என்று அழைக்கப்பட்ட சிறுமி பிறந்ததும் அபிசீனியாவிலேயே. இவர்கள் மக்காவைக் கண்டதில்லை. இவர்கள் விளையாடிய தெரு அபிசீனியத் தெரு. காதில் விழுந்த தெருமொழி அபிசீனிய மொழி. ஹிஜ்ரி ஏழாம் ஆண்டு, கைபர் வெற்றியின் வேளையில்தான் இக்குடும்பங்கள் மதீனா வந்து சேர்ந்தன.

அப்படித் திரும்பி வந்த சிறுமியை அண்ணலார் (ஸல்) அவர்கள் எப்படி வரவேற்றார்கள்? ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது. வேலைப்பாடு செய்த சிறிய ஆடையொன்று நபிகளாரிடம் வந்தது. யாருக்கு உடுத்தலாம் என்று தோழர்களிடம் கேட்டார்கள். அவர்கள் மௌனமாக இருக்கவே, உம்மு காலிதை அழைத்து வரச் செய்து, தம் கரங்களாலேயே உடுத்திவிட்டார்கள். பிறகு அந்த ஆடையின் பூவேலையைச் சுட்டிக்காட்டி, "ஸனா" என்றார்கள். அது அரபுச் சொல் அன்று. அழகு என்று பொருள்படும் அபிசீனியச் சொல்!

சகோதரர்களே! சிந்தித்துப் பாருங்கள். அரபியரிலேயே சொல்வளம் மிக்கவர்களான அண்ணலார் (ஸல்) அவர்கள், வெளிநாட்டில் பிறந்த ஒரு சிறுமியின் மனத்தைத் தொடுவதற்கு அவளுடைய தெருவின் சொல்லைத் தேடி எடுத்தார்கள். "உனக்கு அரபு சரியாக வராதா?" என்று கேட்கவில்லை. அவள் வளர்ந்த நாட்டின் மொழி மதீனாவின் தலைவரது நாவில் ஒலித்தபோது, அச்சிறுமிக்கு மதீனா அந்நிய ஊராகத் தோன்றியிருக்குமா? அவர் பெரியவரான பின்னும் அந்த நிகழ்ச்சியை மறக்கவில்லை. அவரே அறிவித்ததால்தான் அது நம் கைக்கு வந்து சேர்ந்தது.

பெரியவர்களுக்கும் ஒரு நிகழ்ச்சி உண்டு. அஸ்மா (ரலி) அவர்கள் ஹஃப்ஸா (ரலி) அவர்களைக் காணச் சென்றிருந்தபோது உமர் (ரலி) அவர்கள் அங்கு வந்தார்கள். 'அபிசீனியாக்காரரா? கடல் கடந்து வந்தவரா?' என்ற பொருளில் வினவிவிட்டு, ஹிஜ்ரத்தில் தாங்களே முந்தியவர்கள் என்றும், நபிகளாரிடம் தங்களுக்கே அதிக உரிமை உண்டு என்றும் கூறினார்கள். அஸ்மா (ரலி) அவர்களுக்குக் கோபம் வந்தது. நீங்கள் நபியின் அருகில் இருந்தீர்கள். பசித்தவருக்கு உணவும், அறியாதவருக்கு அறிவுரையும் கிடைத்தன. நாங்களோ தொலைதூர அந்நிய மண்ணில் அஞ்சி வாழ்ந்தோம் என்று பதிலளித்துவிட்டு, விஷயத்தை நேரே அண்ணலாரிடம் கொண்டு சென்றார்கள். உமருக்கும் அவர் தோழர்களுக்கும் ஒரு ஹிஜ்ரத். கப்பலில் வந்த உங்களுக்கோ இரண்டு ஹிஜ்ரத் என்பது அண்ணலாரின் தீர்ப்பு.

'லண்டன் பிள்ளை' என்று நாம் சூட்டும் பட்டப்பெயரும், அதற்கான விடையும் பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே பேசப்பட்டுவிட்டன!

நாமும் அப்படிப் பிறந்தவர்களே

அயல்மொழியும் அயல்நாடும் ஈமானைக் கெடுத்துவிடும் என்று அஞ்சுவோர் தங்கள் சொந்த வரலாற்றைத் திரும்பிப் பார்க்க வேண்டும். சோழமண்டலக் கடற்கரையில் காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர், பரங்கிப்பேட்டை ஆகிய துறைமுகங்களுக்கு அரபு வணிகர்கள் வந்தார்கள். இம்மண்ணின் பெண்களை மணந்தார்கள். பிறந்த பிள்ளைகள் தாயிடம் தமிழும், தந்தையிடம் மார்க்கமும் பயின்றனர். தமிழ் முஸ்லிம்களில் ஒரு பகுதியினரின் வேர் இது. இங்கேயே வாழ்ந்து இஸ்லாத்தைத் தழுவியோர் மறு பகுதியினர். இருவரும் ஒரே மொழியில் கலந்தனர்.

அந்த முன்னோர் செய்த ஒரு காரியம் வியப்புக்குரியது. மார்க்கத்தின் அடிப்படைகளுக்கே தமிழ்ப் பெயர் வைத்தார்கள். ஸலாத்தை 'தொழுகை' என்றார்கள். ஸவ்மை 'நோன்பு' என்றார்கள். மஸ்ஜிதை 'பள்ளிவாசல்' என்றார்கள். நோன்பு என்பது இம்மண்ணின் பழைய சொல். 'பள்ளி' என்பது சமண, பௌத்தத் துறவியரின் உறைவிடத்துக்கு வழங்கி வந்த சொல். அச்சொற்களை எடுத்து அவற்றில் புதிய பொருளை நிரப்பினார்கள். மறுபக்கம், தமிழை அரபு எழுத்தில் எழுதும் 'அர்வி' என்னும் அரபுத்தமிழை வளர்த்து, மார்க்கச் சட்டங்களை வீட்டுப் பெண்களும் படித்தறியச் செய்தார்கள். காயல்பட்டினத்தில் பிறந்து கீழக்கரையில் அடக்கமாகியுள்ள மேதை ஸதக்கத்துல்லாஹ் அப்பா (ரஹ்) (1632-1703) போன்றோர் அரபுப் புலமையின் சிகரங்களாக விளங்கினர். அதே காலத்தில் உமறுப்புலவர் 5,000க்கும் மேற்பட்ட பாடல்களில் அண்ணலாரின் வாழ்வைச் சீறாப்புராணமாகத் தமிழில் பாடினார்.

தாய்மொழி மாறியது, உடை மாறியது, உணவு மாறியது. கலிமா மாறவில்லை. எதை மாற்றலாம், எதை மாற்றக் கூடாது என்பதில் அவர்களுக்குத் தெளிவு இருந்தது. அதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க மக்தபும் நூலும் ஆசிரியரும் இருந்தனர்.

இவை இல்லாத இடத்தில் என்ன நடந்தது? அதற்கும் நம் தமிழரின் வரலாற்றிலேயே சான்று இருக்கிறது.

கரும்புத் தீவுகளில் கரைந்தவர்கள்

1848ஆம் ஆண்டு பிரெஞ்சுக் குடியேற்ற நாடுகளில் அடிமை முறை ஒழிக்கப்பட்டது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்களிலிருந்து ஒப்பந்தக் கூலிகள் கப்பலேற்றப்பட்டனர். அவர்களில் பிரெஞ்சுப் பகுதியினர் மட்டுமின்றி, அருகிலிருந்த ஆங்கிலேய மாவட்டங்களின் மக்களும் இருந்தனர். நம் கள்ளக்குறிச்சி அந்நாளில் அத்தகையதொரு மாவட்டமான தென்னாற்காட்டைச் சேர்ந்திருந்தது. 1993இல் விழுப்புரம் மாவட்டமும், அதிலிருந்து 2019இல் கள்ளக்குறிச்சி மாவட்டமும் உருவானது பிற்கால வரலாறு.

இந்தியப் பெருங்கடலில் மடகாஸ்கருக்குக் கிழக்கே உள்ள ரியூனியன் தீவுக்கு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர் கொண்டு செல்லப்பட்டனர். அட்லாண்டிக்கைக் கடந்து கரீபியன் கடலிலுள்ள மார்த்தினிக் தீவுக்கு 1853 முதல் சுமார் 25,000 பேரும், குவாதலூப் தீவுக்கு 1854 முதல் சுமார் 42,000 பேரும் சென்றனர். பெரும்பாலோர் இந்துக்கள், அவர்களோடு முஸ்லிம்களும் இருந்தனர்.

அந்த முஸ்லிம் கூலிகளின் பேரப்பிள்ளைகள் எங்கே? தேடினால் கிடைப்பது ஒரு கொடிமரம்! ரியூனியனில் தமிழர் கோயில்கள் சிலவற்றின் முன் இன்றும் கொடிமரம் ஒன்று நடப்பட்டிருக்கும். அதனோடு சேர்த்து 'நர்குலான்' என்ற பெயரைச் சொல்கிறார்கள். கரீபியன் தீவுகளின் கோயில்களில் 'நாகூர்மீரா' என்னும் பெயர் பல திரிபுகளோடு வழங்குகிறது. கடற்பயணிகளின் நெஞ்சில் இடம்பெற்றிருந்த நாகூர் ஷாஹுல் ஹமீது (ரஹ்) அவர்களின் நினைவே அது. நாகூர்க் கொடியின் நிழல் பத்தாயிரம் மைலுக்கு அப்பால் வேறொரு வழிபாட்டில் ஒதுங்கி நிற்கிறது. கலிமா போயிற்று, தொழுகை போயிற்று, குர்ஆன் போயிற்று, மொழியும் போயிற்று. ஒரு பெயரும் ஒரு கம்பமும் மட்டும் எஞ்சின.

இதைக் கேட்டு, அவர்கள் ஈமான் குறைந்தவர்கள் என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். அவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள். ஒப்பந்தத்தால் கட்டுண்ட கூலிகள். தோட்டத்துக்கு ஓரிருவராகச் சிதறியவர்கள். பெண்கள் மிகக் குறைவு. ஓதிக்கொடுக்க ஆலிம் இல்லை. கூடித் தொழ இடமில்லை. ஊருக்குக் கடிதம் எழுத எழுத்தறிவு இல்லை. பிள்ளைகளுக்குத் தேவாலயம் பெயர் வைத்தது. பள்ளிக்கூடம் பிரெஞ்சு கற்பித்தது. இரவு வேலை முடிந்து களைத்து விழும் தகப்பனால் எவ்வளவு சொல்லிக்கொடுக்க முடியும்? கொடுக்க வேண்டியவரிடம் மனம் இருந்தது, வழி இல்லை.

அதே தீவில் ஒரு பள்ளிவாசல்

அதே ரியூனியன் தீவுக்கு 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குஜராத்திலிருந்து முஸ்லிம் வணிகர்கள் வந்தனர். அதே கடல், அதே பிரெஞ்சு ஆட்சி, அதே தேவாலயச் சூழல். ஆனால் இவர்கள் கூலிகள் அல்லர். சொந்தக் கடை வைத்திருந்தவர்கள். கையில் பணமும், போகவர உரிமையும் உடையவர்கள். இவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று தொழுமிடத்துக்கு முயன்றது. ஆட்சியாளரிடம் அனுமதி பெற்று, தம் சொந்தப் பணத்தில் தலைநகர் செயின்ட் டெனிஸில் 'நூருல் இஸ்லாம்' பள்ளிவாசலை எழுப்பினர். அது 1905இல் திறக்கப்பட்டது. பிரான்சின் தலைநகரில் பாரிஸ் பெரிய பள்ளிவாசல் திறக்கப்பட்டதே 1926இல்தான் என்பதை நினைவில் கொள்க. பின்னர் மத்ரஸாவும் வந்தது.

இவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பிரெஞ்சுக் குடிமக்கள். பிரெஞ்சு மொழியும் தீவின் கிரியோல் மொழியும் பேசுகிறார்கள்; அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள்; அலுவலகங்களில் பணியாற்றுகிறார்கள்; முஸ்லிம்களாகவும் வாழ்கிறார்கள். மொழி மாறியும் மார்க்கம் நிலைத்தது. மொழி இரு சாராருக்கும் மாறியதுதான். வேறுபாடு, ஒரு சாராருக்குக் கூட்டு ஏற்பாடு இருந்தது, மறு சாராருக்கு அது மறுக்கப்பட்டது என்பதே. அன்று வழியற்றவர் இழந்தனர். இன்று வழியுள்ளவர் இழந்தால், நாளை இறைவன் முன்னிலையில் என்ன காரணம் கூறுவது?

கட்டடமும் நூலும் மட்டும் போதுமா?

அப்படியானால் பள்ளிவாசல் கட்டிவிட்டால் போதும் என்று சிலர் எண்ணலாம். இங்கிலாந்து அதற்கு விடை கூறுகிறது. 1889இல் லண்டனுக்கு அருகே வோக்கிங் என்னும் ஊரில் அழகிய பள்ளிவாசல் ஒன்று கட்டப்பட்டது. போபால் அரசி ஷாஜஹான் பேகம் பொருளுதவி செய்தார். கட்டிய அறிஞர் லைட்னர் 1899இல் இறந்தபின், சுற்றிலும் தொழுவதற்குக் குடும்பங்கள் இல்லாததால் அது பல ஆண்டுகள் பயனற்றுக் கிடந்தது. மாறாக, 1941இல் கிழக்கு லண்டனில் கமர்ஷியல் சாலையின் மூன்று சாதாரண வீடுகளில் தொடங்கிய பள்ளிவாசல், கப்பல் தொழிலாளரும் ஏழைக் குடும்பங்களும் வாழ்ந்த தெருக்களின் நடுவே இருந்ததால், இன்று ஆயிரக்கணக்கானோர் கூடும் இடமாக வளர்ந்திருக்கிறது.

சரி, தந்தை பேரறிஞராக இருந்துவிட்டால் போதுமா? இதைச் சொல்ல நா தயங்குகிறது. குறை கூறுவதற்காக அன்று, படிப்பினைக்காகவே சொல்கிறோம். திருக்குர்ஆனை ஆங்கிலத்தில் பெயர்த்து விரிவுரையும் எழுதிய அப்துல்லாஹ் யூசுஃப் அலீ (1872-1953) அவர்களை அறியாதார் இல்லை. 1934இல் லாகூரிலிருந்து வெளிவரத் தொடங்கிய அந்த மொழிபெயர்ப்பு இன்றும் உலகெங்கும் படிக்கப்படுகிறது. ஆங்கிலேயப் பெண்ணை மணந்து, பணி நிமித்தம் இந்தியாவிலும் இங்கிலாந்திலுமாக மாறி மாறி வாழ்ந்த அவரின் முதல் மணவாழ்வு 1912இல் மணமுறிவில் முடிந்தது. அம்மணத்தில் பிறந்த பிள்ளைகளோடு அவருக்கு உறவும் முறிந்தது. 1953 டிசம்பரில் லண்டன் வீதியில் நினைவு தடுமாறிய நிலையில் காவலர்கள் அவரைக் கண்டெடுத்தனர். மறுநாள் காலமானார். உடலைப் பெற உறவினர் எவரும் வரவில்லை. பாகிஸ்தான் தூதரகத்தாரின் ஏற்பாட்டில் வோக்கிங் அருகிலுள்ள புரூக்வுட் மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டார். அல்லாஹ் அவரின் சேவையை ஏற்று, மண்ணறையை ஒளிமயமாக்குவானாக!

கோடிக்கணக்கான வீடுகளுக்குக் குர்ஆனின் பொருளைக் கொண்டு சேர்த்தவருக்கு, சொந்த வீட்டின் கதவு அடைபட்டுப் போயிற்று. அறிவு தானாகவே பிள்ளைக்குச் சென்று சேர்ந்துவிடாது. உடனிருத்தல் வேண்டும், உறவு வேண்டும், தாயும் தந்தையும் ஒரே திசையைக் காட்ட வேண்டும்.

இன்றைய வீடுகள்

1962இல் புதுச்சேரி, காரைக்கால் பகுதிகள் சட்டப்படி இந்தியாவுடன் இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர் வழியே பல தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் பிரான்சில் குடியேறின. 1965இல் அமெரிக்கா தன் குடியேற்றச் சட்டத்தை மாற்றியபின், படித்தவர்களுக்கு அங்கும் கதவு திறந்தது. இன்று கணினிப் பணியாளர், மருத்துவர், தாதியர், மாணவர் என்று நம் சிற்றூர்களிலிருந்தும் மேலை நாடுகளுக்குச் செல்கிறார்கள். இவர்கள் கரும்புத் தோட்டக் கூலிகள் அல்லர். பள்ளிவாசல் இருக்கிறது, ஆலிம்கள் இருக்கிறார்கள், கைப்பேசியில் தினமும் நன்னியின் முகம் பார்க்கலாம். ஆனால் சோதனைகளும் உண்டு. 2004 முதல் பிரான்சின் அரசுப் பள்ளிகளில் மாணவிகள் தலைமறைப்பு அணியச் சட்டம் தடை விதிக்கிறது. தடையில்லாத நாடுகளிலும், நண்பர் எல்லோரும் செல்லும் விருந்துக்குத் தான் மட்டும் செல்லாதிருப்பது ஒரு பிள்ளைக்கு எளிதன்று.

அத்தகைய பிள்ளை வீட்டில் வந்து "ஏன்?" என்று கேட்கிறது. "ஏன் நாம் மட்டும் இதை உண்பதில்லை? ஏன் எனக்கு மட்டும் கூடாது?" இக்கேள்விக்குப் பல வீடுகளில் கிடைக்கும் பதில், "வாயை மூடு!" என்பதே. அன்று முதல் அப்பிள்ளைக்கு இரண்டு முகங்கள் உண்டாகின்றன: வீட்டுக்கு ஒன்று, வெளியே ஒன்று. பெற்றோருக்குத் தெரிவது வீட்டு முகம் மட்டுமே. ஒருநாள் மற்ற முகம் தெரியவரும்போது வெகுநாள் கடந்திருக்கும். நஜ்ஜாஷியின் அவையில் ஜஃபர் (ரலி) அவர்கள் கேள்விக்கு அஞ்சவில்லை. காரணம் கூறி விளக்கினார்கள். ஒரு மன்னருக்குக் காட்டிய பொறுமையை நம் சொந்தப் பிள்ளைக்குக் காட்டக் கூடாதா? லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குக் கூறிய அறிவுரையை இறைமறை (31:13-19) எடுத்துரைக்கிறது. இணைவைத்தல் பெரும் அநீதி என்பது முதல், உரத்துக் கத்தாதே என்பது வரை, அன்போடு அழைத்து, காரணத்தோடு சொல்லப்பட்ட சொற்கள் அவை.

வெளிநாட்டில் வாழும் பெற்றோருக்கு வரலாறு சொல்வது இது: அந்நாட்டு மொழியைப் பிள்ளை நன்றாகக் கற்கட்டும், மொழிகளின் வேற்றுமை அல்லாஹ்வின் அத்தாட்சி என்கிறது குர்ஆன் (30:22). வார இறுதி மக்தபுக்கு அனுப்புவதோடு நில்லாமல், அங்கு என்ன ஓதினான் என்று இரவு உணவின்போது கேளுங்கள். பள்ளிவாசலுக்கு அவன் உங்களோடு வரட்டும். அங்கே அவனுக்கும் தோழர்கள் கிடைக்கட்டும். அவனுக்குப் புரியும் மொழியில் மார்க்கம் சொல்லும் ஆலிம்களை உருவாக்குங்கள்; நம் முன்னோர் தமிழில் செய்தது அதுதான்.

ஊரில் இருக்கும் நமக்கு? கள்ளக்குறிச்சிப் பகுதியில் நம் பிள்ளைகளில் சிலர் வீட்டில் உருதும் தெருவில் தமிழும் பேசுகிறார்கள். மக்தபில் அரபு ஓதுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிக்கிறார்கள். நான்கு மொழிகளின் நடுவே நம் பிள்ளைகள் முஸ்லிம்களாக வளரவில்லையா? அப்படியிருக்க, ஐந்தாவதாக ஒரு மொழி பேசும் பேரனைக் கண்டு நாம் ஏன் நகைக்க வேண்டும்? அவன் வரும்போது 'ஸனா' என்று சொல்லத்தக்க ஒரு சொல்லை நாமும் தேடி வைத்திருப்போம். நன்னாவும் நன்னியும் தங்கள் இளமைக் கதைகளையும், குடும்பம் வந்த வழியையும், நபிமார்களின் வரலாற்றையும் சொல்லட்டும். மலைமேல் வாழும் ஏழை மக்கள் எழுத்தின்றியே செய்து காட்டிய காரியம் அது.

எகிப்தில் ஒரு மரணப் படுக்கை

இறுதியாக ஒன்று. யஃகூப் (அலை) அவர்கள் மரண வேளையில் தம் மக்களை நோக்கி, எனக்குப் பின் யாரை வணங்குவீர்கள் என்று வினவியதைக் குர்ஆன் (2:133) நினைவூட்டுகிறது. அந்தப் படுக்கை இருந்த இடம் எகிப்து என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. மகன் யூசுஃப் (அலை) அவர்கள் அந்நாட்டின் அதிகாரத்தில் இருந்தார்கள். குடும்பம் பஞ்சத்திலிருந்து மீண்டு வளமாக வாழ்ந்தது. குடியேறிய நாட்டில் அனைத்தும் கிடைத்துவிட்ட ஒரு தந்தை, வீட்டைப் பற்றியோ நிலத்தைப் பற்றியோ கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியைத்தான் கேட்டார்கள். பிள்ளைகளிடம் விடை ஆயத்தமாக இருந்தது. வாழ்நாளெல்லாம் உடனிருந்து தந்தை கற்பித்த விடை அது.

யா அல்லாஹ்! கடல் கடந்து வாழும் எங்கள் பிள்ளைகளின் ஈமானைப் பாதுகாப்பாயாக! அவர்களைக் கண்டால் கண் குளிரும் நிலையை எங்களுக்குத் தந்தருள்வாயாக! வழியின்றித் தொலைதூரத் தீவுகளில் மாண்டுபோன எங்கள் முன்னோரின் பிழைகளைப் பொறுத்தருள்வாயாக! எங்கள் நாவுகளைப் பிள்ளைகளின் மனத்தைப் புண்படுத்தாத நாவுகளாக ஆக்குவாயாக! ஆமீன்! வல்ஹம்துலில்லாஹ்.